பூவரசில் தொங்கும் கைபேசி

கொக்கிளாய்க் களப்பில் வெயில் சாய்கிறது. கரையோரப் பூவரசில் அடித்த ஆணியில் ஒரு சொப்பிங் பை தொங்குகிறது, அதற்குள் புனிதமலரின் கைபேசி. இப்போது வீட்டுக் குசினிக்குள்ளேயே சிக்னல் நிற்கிறது. ஆனாலும் அவள் இங்கேதான் கொண்டுவந்து மாட்டுகிறாள். முன்பு ஊருக்கே இருந்த ஒற்றைப் பட்டன் போன் இதே ஆணியில்தான் தொங்கியது. மணியடித்தால் மரத்தடியில் நிற்பவர் எடுத்து, உரியவரின் பெயரைக் கத்துவார். அந்தப் பெயர் ஒவ்வொரு வளவாகக் கைமாறி அவரிடம் போய்ச் சேரும். இன்று மரத்தடியில் லோறன்ஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேலே பை ஒருமுறை கிணுக்கென்கிறது. பழைய பழக்கத்தில் அவன் வாய் தானாகத் திறக்கிறது. “மலரக்கா! மெல்ரொன்ர கோல், ஓடி வாங்கோ!” மீன் செதில் ஒட்டிய கைகளைச் சட்டையில் துடைத்தபடி அவள் ஓடி வந்து கைபேசியைப் பையிலிருந்து எடுக்கிறாள். அழைப்பு ஒன்றும் இல்லை. காலையில் அவள் மூன்று நிமிடம் பேசிப் பதிந்து அனுப்பியதற்கு, பிரான்சிலிருக்கும் மகன் மெல்ரொன் மஞ்சள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “என்னவாம் அக்கா?” ஊசியை நிறுத்திவிட்டு லோறன்ஸ் கேட்கிறான். அவள் கைபேசியைக் காதில் வைத்து, களப்புப் பக்கம் திரும்பி, அந்தப் பட்டன் போன் காலத்தில் போலவே உரத்துச் சொல்கிறாள்: “ஓம் மகன், வடிவாக் கேக்குது. கதை.”