செவலை விட்ட உதை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டா குதிரை மிரளும்.

பந்தயக் குதிரை வளர்க்கிற பண்ணை அது. குட்டி எந்த மாசம் பிறந்தாலும் சரி, வருசம் பிறந்தால் பந்தயக் கணக்கில் எல்லாத்துக்கும் ஒரே நாளில் வயசு கூடிவிடும். செவலை என்கிற பெட்டைக் குதிரையின் தலைக்குட்டி பிந்திப் பிறந்தது. பல மாசம் மூத்ததுகளோடு ஓடி ஓடித் தோற்று, கடைசியில் வண்டி இழுக்கப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் நுரை தள்ள அது போனதை அவள் பார்த்தாள்.

இந்த வருசமும் இணை சேர்க்கும் பருவம் முடியப் போகிறது. முதலாளி அவசரமாய்க் குட்டையனை அனுப்பினார். பெட்டை தயாரா என்று மோந்து பார்க்கிற மட்டக்குதிரை அவன். அவள் அடங்கி நின்றால் இணை சேர பொலிகுதிரை வரும், உதைத்தால் வராது.

"என்னக்கா, நீ தயார்னு வாசமே சொல்லுதே!" என்றான் குட்டையன்.

"ஆமாடா. ஆனா பதினோரு மாசம் சுமந்தா இதுவும் பிந்தித்தான் பிறக்கும்."

"வயித்தைக் காலியா விட்டா முதலாளி திட்டுவாரே?"

"திட்டட்டும். அடுத்த பருவத்துக்கு முதல் ஆளா நிக்கிறேன்."

"எனக்குப் பொய் வராதுக்கா. மோந்து பார்க்கிறது நான், மாப்பிள்ளை எப்பவும் வேறொருத்தன். இதுல பொய் வேறயா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கொஞ்சம் தள்ளி மட்டும் நில்லு."

முதலாளி வேலியோரம் வந்து நின்றார். செவலைக்கு உடம்பெல்லாம் ஆசையில் நடுங்கியது. அவள் காதை மடக்கி, பல்லைக் காட்டி, வேலிப் பலகை பிளக்கிற மாதிரி ஓங்கி ஒரு உதை விட்டாள்.