எட்டுச் சுற்று சும்மா தாளம்

கச்சேரிக் குழுவின் பழைய கீபோர்டில் இருந்த பாட்டுகளையும் செட்டிங்ஸையும் சுமந்துகொண்டு பென்டிரைவ் புதிய கீபோர்டுக்கு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்த புதிய கீபோர்டுக்குச் சிரிப்பு வந்தது. "பாடகி மெர்லின் பாட்டுச் சுருதியை மட்டும் பழைய கீபோர்டு அண்ணன் ஏன் நாலு கட்டைக்கு இறக்கி வெச்சிருக்கார்? ரெண்டாவது சரணத்துக்கு முன்னால எட்டுச் சுற்று சும்மா தாளம் வேற ஓடுது. ஏதோ தப்பு. நான் சரி பண்ணிடறேன்."

"கை வைக்காதே" என்றது பென்டிரைவ். "எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாதுன்னு அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார்."

அரைமனதோடு புதியது விட்டுவைத்தது.

மறுநாள் கல்யாண வரவேற்பில் மெர்லின் பாட வந்தாள். தொண்டையில் ஆபரேஷன் செய்த தழும்பைச் சேலைத் தலைப்பால் மறைத்திருந்தாள். "புது கீபோர்டா? என்னால முடியுமான்னு தெரியலைண்ணே" என்றாள், வாசிப்பவரிடம்.

நாலு கட்டையில் குரல் சிரமமில்லாமல் ஏறியது. முதல் சரணம் முடிந்ததும் மூச்சு வாங்கியது. தாளம் மட்டும் ஓடியது. அவள் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள். அதுவும் பாட்டில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக் கூட்டம் தாளத்துக்குக் கைதட்டியது. எட்டாவது சுற்று முடிய, அவள் இரண்டாவது சரணத்தைச் சரியாக எடுத்தாள்.

பாட்டு முடிந்ததும் மண்டபமே அதிர்ந்தது. மெர்லின் புதிய கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புதியது அந்தக் கைதட்டல் முழுவதையும் பதிவு செய்து, பக்கத்தில் செருகியிருந்த பென்டிரைவில் ஏற்றியது.

"அண்ணன்கிட்ட போய் இதை இறக்கிடு. எனக்கு விழுந்தது இல்லை இது."