வெறும் வயிறு

"இன்னிக்கும் சாப்பிட்டாச்சா?"

வாசலிலேயே கத்தினாள் சேய்னி. உள்ளே தட்டில் கரண்டி உரசும் சத்தம் தெருவரைக்கும் கேட்டதே!

"ஆச்சும்மா! கிழங்கு, தேங்காப்பால், டீ. வயிறு முட்டச் சாப்பிட்டேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார் செமிசி. ஐம்பது வயது, மலை மாதிரி ஆள். வலது கால் பெருவிரலில் துணிக் கட்டு.

சேய்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க டோங்கா தீவுகள் முழுக்கக் கணக்கெடுப்பு; அந்த வேலையாகத்தான் சேய்னி வந்திருந்தாள். வீட்டுக்கு ஒரே ஆள். யார் என்பதை அவள் கையிலிருக்கும் கணினிக் கருவியே பொறுக்கும், மாற்ற முடியாது. இந்த வீட்டில் செமிசி. கேள்விகள், எடை, இடுப்பளவு எல்லாம் முடிந்தாயிற்று. பாக்கி ரத்தம்தான். அதற்கு முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி இருக்கவேண்டும். நேற்று வந்தால் மனுஷன் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்றும் அதே கதை. மத்தியானம் ஊர் திரும்ப அவளுக்குக் கப்பல்.

"அந்தப் புண்ணு எப்போலேர்ந்து ஆறலை?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"சர்க்கரையா இருந்தா காலையே எடுத்துருவாங்கண்ணே! அக்காவுக்குக் கண்ணு போனதைப் பார்த்தும் புத்தி வரலையா?"

உள்ளே பாயில் இருந்த அவர் மனைவி லவீனியா, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"திட்டாதேம்மா. அவர் பசி தாங்கமாட்டார்" என்றாள். அவள் தட்டு வழித்த மாதிரி காலியாக இருந்தது.

"செமிசியாவது, பட்டினியாவது! விருந்துன்னா முழுப் பன்னி உள்ள போற வயிறாச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார். செமிசியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"ஒரு வேளை வாயைக் கட்ட முடியலை. உங்களுக்கெல்லாம் நான் எதுக்கு மெனக்கெடணும்? மறுத்துட்டார்னு போட்டுக்கறேன்!"

விறுவிறுவென்று நடந்தாள் சேய்னி.

தேவாலயச் சுவரருகே திரும்பும்போது, பின்னால் நொண்டி நொண்டி ஓடி வந்தார் செமிசி. மூச்சிரைக்க விரலை நீட்டினார்.

"இப்ப எடும்மா."

"விளையாடறீங்களா? மூக்கு முட்டத் தின்னுட்டு..."

"மெதுவா பேசும்மா. ராத்திரியிலேர்ந்து நான் ஒண்ணும் தொடலை."

"அப்ப அங்க சொன்னது?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சர்க்கரைக்கு ஊசி போட்டதும் அவ சாப்பிட்டாகணும். நான் சாப்பிடலைன்னு தெரிஞ்சா அவளும் வாய்ல வைக்கமாட்டா. போன மாசம் அப்படித்தான் மயங்கி விழுந்தா. நேத்து அவளுக்காகத்தான் சாப்பிட்டேன். இன்னிக்கு... வெறும் தட்டுல கரண்டியை உரசிக்கிட்டு உக்காந்திருந்தேன்மா."