குதிரைக்குக் கொஞ்சம் புல்

கிட்டாரில் வேகமாக வாசிக்க, கையை வேகமாக ஆட்ட வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கையால் விளைந்த கேடுகள் கொஞ்சமல்ல. வேகத்தின் ரகசியம், கையைக் குறைவாக ஆட்டுவதே.

1926-இல் பினாங்கில் இருந்த சின்னையாவுக்கு இது தெரியாது.

ஊமைப் படக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து, படத்துக்கு ஏற்றபடி கிட்டார் வாசிப்பது அவர் வேலை. அப்போது ஏழு மணி ஆட்டத்தில் ஒரு தொடர் படம். தினமும் கடைசியில் ஒரு குதிரைத் துரத்தல் வரும். வீரனின் குதிரை பாலத்தைத் தாண்டும் அதே கணத்தில், சின்னையாவும் ஸ்வர வரிசையை மேலிருந்து கீழே விறுவிறுவென்று இறங்கி முடிக்க வேண்டும்.

குதிரை பாலத்தைத் தாண்டி, வீரன் இறங்கி, கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகும் சின்னையா பாலத்தின் இந்தப் பக்கமே நின்றார். ஜனம் சிரித்தது.

கொட்டகை முதலாளி ஷேக் அலாவுதீன் கூப்பிட்டு அனுப்பினார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், மணிலாக்காரன் ஒருவன் கிட்டாரோடு தயாராக இருக்கிறான் என்றார்.

படம் காட்டும் கருவியின் கைப்பிடியைச் சுற்றுகிற சீனி முகம்மதுவின் காதுக்கும் இது போய்விட்டது. வாசலில் நாலு பேர் நடுவில் அவன் கேட்டான்:

"அண்ணே, வேணும்னா குதிரைக்குக் கொஞ்சம் புல்லு போட்டு நிறுத்தி வைக்கவா? நீங்க மெதுவா வாங்க."

நாலு பேரும் சிரித்தார்கள். அன்று முதல் சின்னையா அவனோடு பேசவில்லை.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. அதுவரை அவர் ஆமை ஓட்டு வில்லையால் தந்தியை மேலிருந்து கீழே மட்டும் தட்டிவந்தார். இப்போது, சும்மா மேலே திரும்புகிற கையையும் வேலை வாங்கினார். கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒரே தந்தியில் அழகாக வந்தது. அடுத்த தந்திக்குத் தாவும்போது, இப்போது கீழேயா மேலேயா என்று கை குழம்பியது. கை குழம்பியதால் அவரும் குழம்பினார்.

சனிக்கிழமை காலை, எப்படி இருக்கிறது என்று மனைவி வடிவம்மாளிடம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. தினமும் ஒரே படியில தடுக்கி விழுறீங்க. இடம் மாறவே இல்ல."

அன்று மாலை துரத்தல் வந்தது. சின்னையா தடுக்கினார், எழுந்தார், மறுபடியும் தடுக்கினார். கடைசி ஸ்வரத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், குதிரை அப்போதுதான் பாலத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

கைதட்டல்.

ஞாயிறும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் பிந்துகிற கை கொட்டகையில் ஏன் பிந்தவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. கூட்டம் தருகிற உற்சாகம் என்று ஒருநாள் நினைத்தார். கடல் காற்றில் தந்தி இளகுகிறது என்று மறுநாள் நினைத்தார். குதிரை என்னமோ களைத்துப்போய்த் தெரிகிறதே என்று முன்வரிசைக்காரர் ஒருவர் சொன்னார். வேகமான சங்கீதத்துக்கு முன்னால் குதிரை மெதுவாகத் தெரிவது இயற்கைதான் என்று சின்னையா அவருக்கு விளக்கினார்.

அந்தத் தைரியத்தில், வாரக் கடைசியில் முதலாளியிடம் போனார். இந்தக் கொட்டகையில் ஒன்று சீனி இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று சொல்வதாகத் திட்டம்.

வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"உட்காருங்க தம்பி. உங்க பாடு சரியாயிடுச்சு. இப்ப இந்த சீனியாலதான் தொல்லை. கடைசி ரெண்டு ரீலை ஊர்வலம் மாதிரி ஓட்டுறான். ஜனங்க படகுத்துறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போற கடைசி ஃபெரி கிளம்பிடுது. கேட்டா, கை வலியாம்."

"எப்பலேர்ந்து?"

"போன சனிக்கிழமையிலேர்ந்து. இன்னிக்கும் இப்படியே சுத்தினான்னா, நாளைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

அந்த நேரத்தில் சீனி முகம்மது, இரண்டு இரும்பு ரீல் பெட்டிகளை வலது கையில் தூக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி வாசலைக் கடந்தான். முதலாளியைக் கண்டதும் பெட்டிகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே தம்பி?"

சின்னையா திட்டத்தை மாற்றிக்கொண்டார்.

"ஆட்டத்தைக் கால் மணி முன்னாடியே ஆரம்பிக்கலாம்னு சொல்ல வந்தேன், முதலாளி. ஃபெரிக்குப் போறவங்களுக்கு வசதி."

திங்கட்கிழமை முதல் அந்தக் கொட்டகையில் ஆறே முக்காலுக்கே விளக்கை அணைத்தார்கள்.