கை நடுங்காத எதிராளி

"முதல்ல கதவைச் சாத்துங்கப்பா. கேட்டுடப் போகுது."

அப்பா கார் ஷெட்டின் கதவைச் சாத்தினார். கோல்ஃப் மைதானத்தில் பயிற்சியாளர் அவர். ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு காரை வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஒரு தரைவிரிப்பைப் போட்டிருந்தார். அதன் நடுவில் ஒரு துண்டு. கோடியில், படுக்க வைத்த பிளாஸ்டிக் வாளி.

"சொல்லு, என்ன பயம்?"

நாளைக்குப் பெண்கள் இறுதிப் போட்டி. ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் அணியில் இடம். பதினாறு வயது மகளுக்கு மட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"தூரத்து அடியெல்லாம் ஒழுங்கா போகுதுப்பா. குழியைச் சுத்தியிருக்கிற கிரீன் ஓரத்துக்கு வந்தாதான் கை உதறுது. குழி கண்ணு முன்னாடி இருக்கு. ஒண்ணு புல்லைத் தோண்டுறேன், இல்ல பந்து அந்தப் பக்கம் ஓடிடுது."

"அடி, பாப்போம்."

அடித்தாள். பந்து துண்டையும் வாளியையும் தாண்டிச் சுவரில் மோதி, அப்பாவின் கால்களுக்கு நடுவே திரும்பி வந்தது.

"நல்லவேளை, கார் தப்பிச்சுது. பந்தை நீ தூக்கி விடப் பாக்கிற. அது மட்டையோட வேலை. அதுக்குத்தான் முகத்தைச் சாய்ச்சு செஞ்சிருக்கான். எடையை முன்கால்ல வை. மணிக்கட்டை மடக்காதே. வாளியை மறந்துடு. துண்டுல விழட்டும், மிச்ச தூரம் தானா உருளும்."

இரண்டாவது பந்து துண்டின் ஓரத்தில் விழுந்தது. மூன்றாவது துண்டின் நடுவில் விழுந்து, சாவகாசமாக உருண்டு, வாளிக்குள் 'டொக்' என்றது.

மகள் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் விழுது. கையே நடுங்காது."

"எதிராளியைப் பத்திப் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? உன் பந்தைப் பத்திப் பேசு."

"அவங்களுக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ரகசியமா ஏதாவது தனியா…"

"உனக்குச் சொன்னதுதான். உன்னை மாதிரியே எதிர்க்கேள்வி வேற."

"தோத்தாக்கூடப் பரவால்லப்பா. அப்புறம் அவங்க முகத்தைப் பாக்கணுமே!"

"ஜெயிச்சா?"

மகள் யோசித்தாள். "அப்பவும் பாக்கணுமே. அதான் இன்னும் பயமா இருக்கு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "வேணும்னே விட்டுக்குடுக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதே. அதைவிடப் பெரிய அவமரியாதை அவங்களுக்குக் கிடையாது. போ, போய்த் தூங்கு."

அவள் போன பிறகு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாளியோடு மாடியேறினார். படுக்கையறைக் கதவைத் தள்ளினார். உள்ளே அவர் மனைவி, கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கையில் மட்டையோடு நின்றிருந்தாள்.

"முதல்ல கதவைச் சாத்துங்க, உங்க பொண்ணுக்குக் கேட்டுடப் போகுது," என்றாள் தாழ்ந்த குரலில். "நாளைக்கு அவளுக்கு எதிரா நிக்கணும்னு நினைச்சாலே எனக்குக் கை நடுங்குது."