எண்ணெய்க் குளியல்

“உச்சந்தலையில இன்னும் ஊத்துங்க. தம்பி வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிரணும்.”

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரோரம் பேராசிரியர் கணேசமூர்த்தி நின்றுவிட்டார். தண்ணீர் கொட்டும் பீலியடியில் எழுபத்திரண்டு வயது நல்லமுத்து துண்டோடு குந்தியிருந்தார். மகள் ஜீவராணியும் மருமகன் நிரஞ்சனும் அவர் தலையில் எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சீவி வைத்த இளநீர்.

பேராசிரியருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு எதுவும் உடனே விளங்கிவிடும். முந்தின நாள்தான் ஹட்டனில் ‘முதுமையைக் குறைத்து மதியாதீர்’ என்று இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, நல்லமுத்துவைப் பேட்டி காண நோர்வூட் பக்கம் வந்திருந்தார்.

தமிழ்நாட்டில் சில ஊர்களில், பாரமாகிப்போன முதியவர்களை எண்ணெய் தேய்த்து முழுகவைத்து, இளநீர் புகட்டி, ஒரேயடியாக அனுப்பிவைக்கும் வழக்கத்தைப் பற்றி அவர் வாசித்திருந்தார். அது கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்துவிட்டது என்பது அவருடைய இந்த நிமிடத்துக் கண்டுபிடிப்பு.

“மாமா நடுங்குறாரே?”

“பயம்தான், வேறென்ன? ராசம்மாக்காவுக்கு ஊத்தியாச்சா?”

“அப்பவே ஆச்சு. குந்திக்கிட்டு அழுவுறாங்க, பாவம்.”

ராசம்மா, பேட்டிப் பட்டியலில் இருந்த கீழ் லயத்து விதவை. அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே நாளில் இரண்டு உயிர்! உடனே தடுத்தாக வேண்டும். ஆனாலும் முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆய்வுக்குச் சான்று முக்கியம்.

பிறகுதான், பேட்டிக்கு ஏற்பாடு செய்துகொடுத்த நல்லமுத்துவின் மகன் சுமனைப் போனில் பிடித்தார்.

“தம்பி, உங்கட அப்பாவுக்கு எண்ணெய் வைக்கினம். விளங்குதோ?”

“வச்சிட்டாங்களா?” சுமன் பல்லைக் கடித்தான். “எல்லாம் அக்கா வேலை. கேள்விப்பட்டுத்தான் சார் ஓடி வர்றேன், ஹட்டன் தாண்டிட்டேன். அப்பாவ எங்கயும் கூட்டிக்கிட்டுப் போக விட்டுறாதீங்க. இது மட்டும் நடந்துச்சுன்னா நான் வெளிய தல காட்ட முடியாது!”

தந்தைக்காகத் துடிக்கும் மகன். பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

குளிப்பு முடிந்தது. புது வேட்டி கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நல்லமுத்துவைப் படியிறக்கினார்கள். பனிக்குள் எங்கோ கோயில் மணி ஒருமுறை ஒலித்து ஓய்ந்தது.

பேராசிரியர் பாய்ந்து போய்க் கிழவரின் மணிக்கட்டுகளை இறுகப் பற்றினார்.

“பயப்படாதேங்கோ ஐயா. நான் நிக்கிற மட்டும் உங்களுக்கு ஒண்டும் நடக்காது.”

“சார், ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், வழிய விடுங்க!” ஜீவராணி அழுதேவிட்டாள்.

“எதெண்டாலும் மகன் வரட்டும்.”

கீழ் வளைவில் வண்டியின் ஹாரன் அலறியது. நல்லமுத்துவின் முகம் வெளிறிப்போனது. காப்பாற்றப்படும்போது முதியவர்கள் இப்படித்தான் குழம்புவார்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, பேராசிரியர் பிடியை இன்னும் இறுக்கினார்.

கிழவர் திமிறினார்.

“தாலி கட்டுற கைய விடுங்கய்யா, முகூர்த்தம் போவுது!”