கள்ளுக்கடை வாசலில் கிழங்கு

மறியல் தொடங்கி இருபது நாளாகியும் கள்ளுக்கடைக்கு வருகிற கூட்டம் நிற்கவில்லை. சிவசுப்பிரமணியனுக்கு அந்தக் கடையைவிடப் பெரிய எரிச்சல், அதன் வாசலில் கிழங்கு விற்ற வள்ளித்தாய் மேல்தான்.

1931ஆம் வருஷத்துச் சாரல் காலம். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் பரமசிவன் குத்தகைக்கு எடுத்திருந்த கடை அது. எதிரே தென்னந்தோப்பு ஓரத்தில் ஓலைப் பந்தல் போட்டு, கதர் கட்டிய தொண்டர்கள் பத்துப் பேர் கொடியோடு நிற்பார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த சிவசுப்பிரமணியன் அவர்களுக்குத் தலைவன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வள்ளித்தாய் பானையை இறக்குவாள். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தேங்காயும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு மசித்திருப்பாள். மேலே குளத்து மீன் குழம்பு. தேக்கு இலையில் ஆவி பறக்க அவள் வைத்துக் கொடுத்தால், சாரலில் நனைந்து வருகிறவன் தாண்டிப் போக முடியாது. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், வண்டிக்காரர்கள், வயல்வேலை முடித்தவர்கள் எல்லாரும் அங்கே குந்திவிடுவார்கள்.

தொண்டர்கள் மறித்தால், "நான் கிழங்கு திங்கல்லா வாரேன்" என்பார்கள். தின்று கைகழுவியதும் உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

குடித்துவிட்டு வெளியே வந்து கேட்டால் மட்டும் அவள் கொடுக்க மாட்டாள். உள்ளே போகிறவன் காசு இனிக்கிறது, வெளியே வருகிறவன் காசு கசக்கிறதா என்று சிவசுப்பிரமணியன் நாலு பேர் கேட்க ஏசுவான்.

அவள் புருஷன் சுடலையாண்டியும் எண்ணெய் தேய்க்கிறவன்தான். தினமும் அவனுக்குத்தான் முதல் இலை. தின்றுவிட்டு அவனும் கடைக்குள்தான் போவான். கட்டின புருஷனுக்கே ஊட்டிவிட்டுக் குடிக்க அனுப்புகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்பிள்ளையா என்று தொண்டர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் சிவசுப்பிரமணியன் அவளிடமே போய் நயமாகச் சொல்லிப் பார்த்தான். அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டால் சீசன் கூட்டம் ஒரு மணி நேரத்தில் பானையைக் காலி செய்துவிடுமே என்றான்.

"வித்துப்போவும் அண்ணாச்சி. ஆனா எனக்கு இங்கனதான் போடணும்."

அவள் அடுத்த இலையில் கிழங்கை அள்ளி வைத்தாள்.

மறுநாளிலிருந்து கிழங்குக்கும் மறியல். நாலு தொண்டர்கள் பானையைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். வந்தவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கி, நேராகக் கள்ளுக்கடைக்குள் போனார்கள். மூன்று நாள் பானை நிறைந்தபடியே திரும்பிப் போயிற்று. நாலாம் நாள் அவள் வரவில்லை. தொண்டர்களுக்கு அதுதான் முதல் வெற்றி.

ஒரு வாரம் கழித்துப் பரமசிவன் சாலையைத் தாண்டிப் பந்தலுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் கும்பிட்டார்.

"தம்பி, பெரிய உபகாரம் பண்ணிட்டீய. காரத்துக்கு ரெண்டு மொந்தை கள்ளு கூட எறங்கும்னு நானேதான் அவளுக்கு எடம் குடுத்தேன். அவ என்னடான்னா வயித்தை அடைச்சில்லா அனுப்பியிருக்கா. நாலு மொந்தை குடிக்கவன் ஒண்ணோட எந்திரிச்சிருதான். ஏன்னே எனக்கு இத்தனை நாளும் புரியல்ல. அவ போன பெறகு கள்ளுப் பானையில ஒரு சொட்டு மிஞ்சல்ல, பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அன்றைக்கே சிவசுப்பிரமணியன் குற்றாலத்தில் அவள் குடிசையைத் தேடிப் போனான். சுடலையாண்டி தலையில் கட்டோடு படுத்துக் கிடந்தான். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவனை யாரோ தூக்கி வந்து போட்டிருந்தார்கள். பக்கத்தில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள் வள்ளித்தாய்.

மெதுவாகத்தான் சொன்னாள். நனைந்து நடுங்கி வருகிறவனுக்கு முதலில் தெரிவது பசிதானாம். அந்தப் பசியைக் கள்ளால் அணைக்கப் போய்த்தான் குடி ஏறுகிறதாம். குடிக்கும் முன்பே வயிறு நிறையத் தொடங்கிய பிறகு சுடலையாண்டி நாலு மொந்தையிலிருந்து ஒன்றுக்கு இறங்கினான். சில நாள் தின்றுவிட்டு நேராக வீட்டுக்கே வந்தான். மற்ற வீடுகளிலும் பெண்டுபிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்களே என்றுதான் பானையைப் பெரிதாக்கினாளாம்.

சிவசுப்பிரமணியன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்த வழியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கதர்ச்சட்டை போட்ட சிவசுப்பிரமணியன் தலையில் கிழங்குப் பானை. பின்னால் குழம்புச் சட்டியோடு வள்ளித்தாய். மறியல் பந்தலுக்குள், கொடிக்குக் கீழேயே அடுப்புக் கூட்டினார்கள். தொண்டர்கள் இலை போட்டார்கள். யாரையும் தடுக்கவில்லை. முதலில் வயிற்றுக்கு, பிறகு உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் நாள் தின்றவர்களில் பாதிப் பேர் சாலையைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் கடைக்குள் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். குணமாகி வந்த சுடலையாண்டி தேக்கு இலை பறித்துக் கொடுத்துக்கொண்டு பந்தலிலேயே நின்றான். ஆடி முடிவதற்குள் பரமசிவன் புளித்துப்போன கள்ளைக் கொட்டிவிட்டு, பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று இலஞ்சியிலிருந்து மேளத்தோடு வந்தவர்கள் சிவசுப்பிரமணியனுக்கு மாலை போட வந்தார்கள். அவன் அதை வாங்கி வள்ளித்தாய் கையில் கொடுத்தான்.

"ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தா, உங்களை அப்படியெல்லாம் ஏசியிருக்க மாட்டேனே, தாயி" என்றான்.

வள்ளித்தாய் சிரித்தாள்.

"நீங்க நாலு பேரு கேக்க ஏசுனதாலதான் அண்ணாச்சி, கள்ளுக்கடை முதலாளி என்னைத் தன் ஆளுன்னு நம்பி, அத்தனை நாளும் அங்கன இருக்க விட்டாரு."